ராஜா பிடுங்காத கதிர்

பெய்ஜிங்
19.1.2025

அன்புள்ள வளர்,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனிமேல் எழுதுங்கள் என்று பொங்கலன்று சொல்லிவிட்டு வைத்தாய். நான் பேசுவது இரண்டு விநாடி கழித்துத்தான் உன் காதுக்கு வருகிறது, அதற்குள் அடுத்த கோபத்துக்குப் போய்விடுகிறேன் என்றாய். அதனால் எழுதுகிறேன். தபால் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் கோபம் ஆறியிருந்தால் எனக்கு லாபம்.

குளிர்கால விடுமுறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். டிக்கெட் கிடைத்திருக்கும். எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் சீன வரலாறு பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். மாணவர்கள் மொழிபெயர்த்ததைத் திருத்த ஆள் கேட்டார்கள், நான் கையைத் தூக்கிவிட்டேன். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதியில் இப்போது நானும், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற காவல்காரரும்தான்.

நான் திருத்திக்கொண்டிருப்பது காங்ஷி என்ற பேரரசரைப் பற்றிய அத்தியாயம். சீனக் கணக்குப்படி எட்டு வயதில் பட்டத்துக்கு வந்து அறுபத்தொரு வருஷம் ஆண்டவர், முந்நூறு வருஷத்துக்கு முன்னால். குழந்தையாக இருக்கும்போதே பெரியம்மை வந்து பிழைத்தவர். இவனை இனி அம்மை தொடாது என்பதும் அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமாம். நாற்பத்தேழாயிரம் சீன எழுத்துகளுக்கு அகராதி போடவைத்தார். தூரத்து அதிகாரிகள் அவருக்கு நேராக எழுதும் கடிதங்களைத் தானே பிரித்துப் படிப்பார். ஓரத்தில் சிவப்பு மையால் பதில் எழுதி அதே தாளைத் திருப்பி அனுப்புவார். ஒரு சமயம் வலது கை முடியாமல் போனபோது இடது கையால் எழுதினார், வேறு ஆளை எழுதவிடவில்லை. உடம்பு எப்படி என்று விசாரித்த கடிதங்களுக்கு அவர் எழுதிய பதில் பெரும்பாலும் இரண்டே வார்த்தை: 'நலமாக இருக்கிறேன்.' நானும் உனக்கு ஒன்றரை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்டு. அரண்மனைத் தோட்டத்தில் ராஜாவுக்கு ஒரு நெல் வயல் இருந்தது. ஒரு வருஷம் ஆறாம் மாதத்தில் அவர் அங்கே நடந்துபோகும்போது, மற்றதெல்லாம் பச்சையாக இருக்க ஒரு தாள் மட்டும் அவற்றுக்கு மேல் உயர்ந்து மணி முற்றி நின்றது. அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அந்த மணிகளை எடுத்து வைத்து, இது அடுத்த வருஷமும் முந்தி வருமா பார்க்கலாம் என்று விதைத்தார். வந்தது. லேசாகச் சிவந்த, நீண்ட அரிசி. பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அரண்மனையில் அந்தச் சோறுதானாம். அந்தத் தோட்டம் இப்போது அரசாங்க வளாகத்துக்குள் இருக்கிறது. என்னால் வெளிச்சுவரைத்தான் பார்க்க முடிந்தது.

கடைசியாக ஒன்று. ஜூலையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி.

கலை


பெருநகர்
9.2.2025

உங்களுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் புருஷோத்தமன் வழியெல்லாம் சீன ஸ்டாம்பைக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தார். கோபம் ஆறவில்லை. டிக்கெட் விஷயம் பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பொய் சொல்லும்போது 'வந்து, வந்து' என்று இரண்டு தரம் இழுப்பீர்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதைக்கூடக் கண்டுபிடிக்காமலா இருப்பேன்.

இங்கே ஒரு செய்தி. இந்த நவரைப் பட்டத்துக்கு ஒன்றரை ஏக்கரை என் பெயரில் விதைப்பண்ணையாகப் பதிந்திருக்கிறேன். பாஸ் ஆனால் உத்திரமேரூரில் என் பெயர் போட்ட அட்டையோடு விதை மூட்டை விற்கும். புத்தகம் படிக்கிறவருக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். விதை நெல்லுக்கு நடும் கழனியில் ஒரே ரகம்தான் நிற்க வேண்டும். நடுவில் ஒன்று உயர்ந்து நின்றாலோ, முந்திக் கதிர் விட்டாலோ அதற்குக் கலவன் என்று பெயர். கண்ட இடத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். சான்று கொடுக்கிற அதிகாரி இரண்டு தரம் கழனிக்கு வந்து பார்ப்பார். உங்கள் ராஜாவுக்குச் சான்று வாங்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நெல் வருகிற இடத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னார். பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த ராசா செருப்பு போட்டுக்கினு கயனில எறங்கினாரா, கயட்டி வெச்சிட்டு எறங்கினாரா, கேட்டு எழுது" என்றார். அந்த ராஜா வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எப்படி என்றும் கேட்கச் சொன்னார். எழுதுங்கள். மகன் விமானம் ஏறியதிலிருந்து ஒன்றரை வருஷமாக டிவிக்கும் பம்புசெட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த மனுஷன் இப்போதுதான் ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேட்கிறார்.

நீட்டிப்பைப் பற்றி என்னைக் கேட்கிறீர்கள். முதலில் போகும்போது கேட்டீர்களா? வா என்றால் என்னால் உங்கள் வேலை போனது என்று ஆகும். இரு என்றால் நானே அனுப்பிவிட்டேன் என்று ஆகும். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தி, "இன்னா வளரு, அவுரு எப்ப வராரு" என்று கேட்கிறாள். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியைத் தாங்குவதே என் பங்குக்குப் போதும். உங்கள் முடிவையும் என் தலையில் வைக்காதீர்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

வளர்மதி


பெய்ஜிங்
1.3.2025

அன்புள்ள வளர்,

முதலில் நைனாவின் கேள்விக்குப் பதில். செருப்பைப் பற்றி எந்த ஏட்டிலும் குறிப்பு இல்லை. துறைத் தலைவரையே கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றார். ஆனால் நைனாவுக்குப் பிடிக்கிற வேறொன்று இருக்கிறது. உழவுக்கு இருபத்துமூன்று, நெசவுக்கு இருபத்துமூன்று என்று நாற்பத்தாறு படங்கள் வரையச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ராஜாவே ஒரு பாட்டு எழுதினார். முதல் படம் விதை நெல்லை ஊறவைப்பது. சோறும் துணியும் எங்கிருந்து வருகிறது என்று அரண்மனைக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமாம். நம் பெருநகரையும் காஞ்சிபுரத்தையும் ஒரே புத்தகத்தில் வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

ராஜாவின் வீட்டைப் பற்றியும் நைனா கேட்டாரே. முப்பத்தைந்து மகன்கள், இருபது மகள்கள். பாதி குழந்தையிலேயே போய்விட்டன. பட்டத்து ராணிக்குப் பிறந்தவனை இளவரசன் ஆக்கினார். அவனைப் பெற்ற அன்றே ராணி இறந்துவிட்டாள், அதனால் அவன்மேல் தனி உயிர். தானே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு முறை வடக்கே பாலைவனத்துக்குப் போருக்குப் போனபோது அவனுக்கு எழுதினாராம்: நீ உடுத்திய பழைய சட்டைகள் சிலவற்றை அனுப்பு, உன் நினைவு வரும்போது போட்டுக்கொள்கிறேன். அந்த வரியைத் திருத்த எடுத்த சிவப்புப் பேனாவை அப்படியே வைத்துவிட்டேன். மாணவி சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

ஆனால் அந்த மகனே பின்னால் தாறுமாறாகப் போனான். எல்லார் முன்னாலும் அவனைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அழுது தரையில் விழுந்தார். அடுத்த வருஷம் மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தார். சில வருஷத்தில் மறுபடி நீக்கினார். மற்ற மகன்கள் பட்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் நிம்மதி இல்லை. இத்தனை பிள்ளைகள் இருந்தும் மனுஷன் தனியாகத்தான் போயிருக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. உன்னுடைய வெளுத்த பச்சை வாயில் புடவை இருக்கிறதே, கழனிக்குக் கட்டிக்கொண்டு போவாயே, அதை அனுப்புகிறாயா? துவைக்காமல் அனுப்பினால் இன்னும் நல்லது.

நீட்டிப்பைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கலை


பெருநகர்
23.3.2025

உங்களுக்கு,

விதைப்பண்ணை போய்விட்டது. கழனியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

முதல் தரம் வந்தபோதே அதிகாரி அம்மா அங்கங்கே முந்திக் கதிர் விட்டிருந்த கலவனைக் காட்டி, ஒரு வாரத்துக்குள் பிடுங்கிவிடச் சொன்னார். அந்த வாரம் எனக்குக் காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சி. ஜெயம்மாளிடமும் அவளோடு வரும் பெண்களிடமும் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து கேட்டேன், ஆச்சு என்றார்கள். மாமாவும் ஆச்சு என்றார். நான் வரப்பைச் சுற்றிப் பார்த்தேனே தவிர நடுவில் இறங்கிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

இரண்டாம் தரம் அதிகாரி இறங்கிப் போனார். நட்ட நடுவில் நாற்பத்தொரு கதிர், மற்றதெல்லாம் பால் பிடித்துப் பச்சையாக இருக்க இவை மட்டும் பழுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல். மாமா கட்டியது. ஜெயம்மாளை அந்தப் பக்கமே போகவிடவில்லையாம். அதிகாரியிடம் போய், "இத்தப் புடுங்காதம்மா, இது பத்து நாள் முந்தி வர்து, சைனா ராசாவே இந்த மாதிரி ஒண்ண எட்த்து வெச்சிதான் பெரிய ஆளானாரு" என்று சொல்கிறார். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு எண்ணினார். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் வேலையை அவர் செய்தார். நெல் இப்போது சாதாரண நெல்லாக மில்லுக்குப் போகும். என் பெயர் போட்ட அட்டை வராது.

இது உங்கள் கடிதத்தால் வந்தது. ஆனால் நான் இதற்காகக் கோபப்படவில்லை. நெல் போனால் அடுத்த பட்டம் சொர்ணவாரிக்கு மறுபடி விதைப்பேன்.

உங்கள் போன கடிதத்தையும் மாமாவுக்கு வாய்விட்டுத்தான் படித்தேன். படங்களைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். அடுத்த வரிக்கு வந்தேன். முப்பத்தைந்து மகன்கள், இருபது மகள்கள். மேற்கொண்டு படிக்க வரவில்லை. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கேட்டார்தான், நான் எழுதச் சொன்னேன்தான். ஆனால் அதை எனக்கு எழுதும்போது உங்கள் கை ஒரு நிமிஷம் நிற்கவில்லையா? ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லாதவளுக்கு எழுதுகிறோம் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லையா? அது உங்களுக்கு அவ்வளவு தூரத்து விஷயமாகிவிட்டது. அங்கே உங்களை யாரும் கேட்பதில்லை. அதனால் மறக்க முடிகிறது.

புடவை அனுப்பவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அங்கேயே இருங்கள். நலமாக இருங்கள்.

வளர்மதி


பெய்ஜிங்
9.4.2025

வளர்,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

என் கை நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும். புத்தகத்தில் எண்ணிக்கை இருந்தது, எழுதினேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு கதிருக்கும் நான்தான் பொறுப்பு. நைனாவைத் திட்டாதே.

நேற்று நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காகப் போட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வீட்டுக்கு வருவது என்று தோன்றியது, போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலை


பெருநகர்
13.4.2025

என்னங்க,

நான் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. தபால் வர நாளாகும் என்று தெரியும். ஆனாலும் காத்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன். நாளைக்கு வருஷப் பிறப்பு, போஸ்ட் ஆபீஸ் லீவு. செவ்வாய்க்கிழமை நானே உத்திரமேரூர் போய்ச் சேர்த்துவிடுகிறேன்.

அறுவடை முடிந்தது. மெஷின் வருவதற்கு முந்தின நாள் மாமா தனியாகக் கழனியில் இறங்கி அந்த நாற்பத்தொரு கதிரையும் கையால் அறுத்துத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். நான் அவரோடு பேசிப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சோறு போடுவேன், தின்பார், தட்டைத் தானே கழுவி வைப்பார். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து கதிரை உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பட்டத்து உழைப்பைக் கெடுத்துவிட்டு இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கலவனப் புடுங்கணும்னு எனக்குத் தெரியாதா? அறுவது வருசமா புடுங்கிக்கினுதான் கீறேன். இந்த தபா கை வர்லமா. திருப்புட்குயில சொக்கம்மா உன்னத் தள்ளி நிக்கச் சொன்னா. நானும் அங்கதான் குந்திக்கினு இருந்தேன். காதுல வாங்கிக்கினு எல போட்டதும் துன்னுட்டு வந்தேன். ஒரு வார்த்த கேக்கல. அந்த ராசா, தனியா நின்னத வெச்சிக்கினாருன்னு நீ படிச்சப்ப எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு. கயனிலயாச்சும் வுட்டு வெப்போம்னு கட்னேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அழுதுவிட்டேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிச்சக் கதிரை நானும் உதிர்த்தேன்.

உங்கள் அத்தை சொக்கம்மாள் வீட்டு விசேஷத்தைப் பற்றி நீங்களும் நானும் இதுவரை பேசியதில்லை. அதற்கு முந்தின வருஷம் அத்தை சொன்னார்கள் என்றுதான் திருப்புட்குழித் தாயார் சன்னதிக்குப் போய், வறுத்த பயறை நனைத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். முளைக்கவில்லை. தாயார்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வறுத்தது முளைக்காது என்று கழனியில் விதை போடுகிற எனக்குத் தெரியும், தெரிந்தும் கட்டிக்கொண்டேன். அந்த அளவுக்கு ஆசை இருந்தது. ஆனால் அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பத்து வீட்டில் சொன்னதும், தன் மகள் பூஜாவின் வளைகாப்பில் என் கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாமல் இருப்பதை யாரிடம் சொல்வது? நீங்கள் இரண்டு மாதத்தில் விமானம் ஏறிவிட்டீர்கள்.

உங்கள் ராஜாவைப் பற்றி நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு நெல்லுக்குக் காட்டிய பொறுமையை அவர் பெற்ற பிள்ளைக்குக் காட்டியிருந்தால் கடைசியில் அப்படி அழுதிருக்கமாட்டார். ஆனால் நீக்கியவனை மறுவருஷமே திரும்பக் கூப்பிட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. கூப்பிடுவதற்கு வெட்கப்படவில்லை.

நானும் வெட்கப்படாமல் எழுதுகிறேன். வாருங்கள். பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும், வீம்புக்கு எழுதவில்லை. உங்களை எனக்குத் தேடுகிறது. சாயந்திரம் மோட்டாரை நிறுத்திவிட்டு வரும்போது, வீட்டில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு எதையாவது சொல்ல வாயைத் திறக்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். புடவை அனுப்பமாட்டேன், வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்


பெய்ஜிங்
4.5.2025

அன்புள்ள வளர்,

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் கைக்கு வந்தது. அதற்குள் என் ஒன்பதாம் தேதிக் கடிதம் உன்னிடம் வந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டதைப் படித்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் எத்தனை நாள் இருந்தாயோ.

வகுப்புக்குப் போகவில்லை. நேராகத் துறைத் தலைவரிடம் போய்த் தாளைத் திருப்பித் தரச் சொன்னேன். அது மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். என்ன காரணம் என்று கேட்டார். நான் வழக்கம்போல 'வந்து, வந்து' என்று தொடங்கிவிட்டு, சட்டென்று நிறுத்தி, என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் தன் கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு மூன்று கட்டடம் தாண்டி நடந்தார். ஒரு குமாஸ்தாவிடம் நிறையப் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. இரண்டு நாள் ஆனது. முப்பதாம் தேதி சாயந்திரம் தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஜூலை ஆறாம் தேதி விமானம்.

உனக்கு நல்லதை மட்டும் சொல்லக்கூடாது. நான் போவதால் இங்கே அடுத்த வருஷம் தமிழ் முதலாண்டு வகுப்பே தொடங்காமல் போகலாம். காஞ்சிபுரத்தில் நான் இருந்த கௌரவ விரிவுரையாளர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். வேலை இல்லாதவனாகத்தான் வருகிறேன். நைனாவோடு கழனிக்கு வருவேன், எனக்கு வரப்பு வெட்டக்கூடச் சரியாக வராது என்று உனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லவேண்டியது. பூஜாவின் வளைகாப்பன்று நான் வெளியில் பந்தலில் இருந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கதவுப் பக்கத்தில் நின்றிருந்தேன். அத்தை உன்னிடம், "நீ வெக்காத, கொஞ்சம் தள்ளி நில்லு, தப்பா எட்த்துக்காத" என்று சொன்னதைக் கேட்டேன். நீ கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றதையும் பார்த்தேன். உன் முகம் என் பக்கம் திரும்புவதற்குள் நான் நகர்ந்து பந்தலுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்தது. இந்த வேலைக்கு விளம்பரம் பார்த்ததும் விண்ணப்பம் போட்டேன். சம்பளம், அனுபவம், தமிழ்த்தொண்டு என்று எல்லாரிடமும் நூறு காரணம் சொன்னேன். ஓடிவந்தேன், அவ்வளவுதான். விடுமுறைக்கு வராததும் அதனால்தான். ஓடிவந்தவனுக்கு நைனா நூல் கட்டிய காரணம் மூன்று வாரம் கழித்துத் தெரிகிறது. என் அப்பாவைவிட நான்தான் கேட்டிருக்க வேண்டும், வளர். கட்டிக்கொண்டவன் நான்.

புத்தக வேலை முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு செய்தி. ராஜா இறந்ததும், பட்டத்துக்கு வந்த மகன் ஓர் உத்தரவு போட்டான். அப்பா சிவப்பு மையால் எழுதிய கடிதம் யாரிடம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒளிக்கவோ எரிக்கவோ கூடாது. அதனால்தான் அவை இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அந்த மனுஷர் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரிகிறது. அகராதியும் படங்களும் பெரிய விஷயம்தான். ஆனால் அவர் கைப்பட எழுதிய அந்தச் சின்னச் சின்ன வரிகளைத் திருத்தும்போதுதான் அவர் எனக்கு மனுஷராகத் தெரிந்தார். உன் கடிதங்களை மட்டும் நான் யாருக்கும் திருப்பித் தரமாட்டேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் எழுது. முடியாவிட்டாலும் எழுது.

கலை


பெருநகர்
24.5.2025

என்னங்க,

உங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதம் இங்கே ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. அதிலிருந்து நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நேற்று முன்தினம் அடுத்த கடிதம் வந்தபோது நாற்றங்காலில் இருந்தேன். புருஷோத்தமன் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு வரப்பு மேல் நடந்து வந்து கொடுத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அங்கேயே பிரித்தேன். ஜூலை ஆறு என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன், நாற்றங்கால் என்றுகூடப் பார்க்கவில்லை. ஜெயம்மாள் ஓடிவந்து, "இன்னாம்மா, கெட்ட சேதியா" என்று பயந்துவிட்டாள். இல்லை, வருகிறார் என்றேன். அவளும் அழுதாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது.

மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஷேவிங் செய்துகொள்ளக் கடைக்குப் போய்விட்டார். விமானம் ஜூலையில் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வேலை இல்லாமல் வருகிறேன் என்று பயமுறுத்தாதீர்கள். இந்தப் பட்டத்துக்கும் விதைப்பண்ணை பதிந்திருக்கிறேன். கலவன் எடுக்க ஆள் வேண்டும். தமிழ் படித்தவர் என்பதற்காகக் கூலி கூடுதலாகக் கிடைக்காது. மாமா உதிர்த்த அந்த நெல்லைக் கிணற்றோரத்தில் ஒரு சின்ன மூலை மடக்கில் தனியாக விதைத்திருக்கிறேன், விதைக் கழனிக்குத் தூரத்தில். அது முந்தி வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடைய பாடு.

நீங்கள் கதவுப் பக்கம் நின்றதை நான் அன்றைக்கே பார்த்தேன். உங்கள் சட்டையின் ஓரம் தெரிந்தது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன், விமான நிலையத்திலும் காத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டீர்கள். மன்னித்தேனா என்று கேட்கிறீர்கள். முழுசாக இல்லை. கொஞ்சம் மன்னித்திருக்கிறேன், மிச்சத்தை நேரில் பார்த்துக்கொள்ளலாம். அதை அடிக்கடி சொல்லிக்காட்டவும் செய்வேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயம். பூஜாவின் தம்பி ஜெகன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். ஜூலை பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதே திருப்புட்குழி வீட்டில் வளைகாப்பு. அத்தையே வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். மாமாவைப் பார்த்து, அவசியம் வாங்க என்றார்கள். என்னைப் பார்த்து, சவுகரியப்பட்டா வாம்மா என்றார்கள். வருகிறேன் அத்தை, அவரும் வந்துவிடுவார், இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அலுப்பாக இருக்கும். இருந்தாலும் வரவேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சந்தனம் பூசப்போகிறேன், வளையலும் போடப்போகிறேன். யாராவது தள்ளி நில் என்றால் நான் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிக்கொள்வேன், நீங்கள் அத்தையோடு சண்டை பிடிக்கவேண்டாம். வாயே திறக்கவேண்டாம். கதவுப் பக்கம் நிற்காமல், உள்ளே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

வளர்